ஏரி வற்றிய மாதத்துப் படங்கள்

ரஜினிகாந்தின் 'பாபா' 2002 ஆகஸ்ட் 15 அன்று வெளியானது. பழவேற்காடு ஏரிக்கு ஆகஸ்ட் ஆகாத மாதம். ஆரணி ஆற்றிலும் காளங்கி ஆற்றிலும் பேருக்குத்தான் தண்ணீர் இருக்கும். கோடையில் மணல் ஏறி மூடிய முகத்துவாரம் பல ஆண்டுகளில் அப்போதும் திறந்திருக்காது. கடலோடு பேச்சுவார்த்தை அறுந்துபோய், ஏரியில் இருக்கிற தண்ணீரும் உப்புக் கூடிக் கிடக்கும். வடகிழக்குப் பருவமழை இறங்கி, வெள்ளம் வந்து முகத்துவாரத்தை உடைத்துத் திறந்தால்தான் இறால். இறால் பட்டால்தான் கையில் காசு. தீபாவளிப் படமும் பொங்கல் படமும் இந்தக் குப்பங்களில் அப்படிக் கொண்டாடப்பட்டதற்குப் பண்டிகை பாதிக் காரணம், இறால் மீதிக் காரணம். கோடம்பாக்கத்தில் தேதி குறிக்கிறவர்கள் முகத்துவாரத்தைப் பார்த்தா குறிப்பார்கள்? அவர்களுக்குச் சுதந்திர தினம் ஒரு விடுமுறை நாள், அவ்வளவுதான்.

அந்த ஆகஸ்டில் இந்தக் கரையின் பையன் ஒருவனுக்கு 18 வயது. கோட்டைக்குப்பம், ஆண்டிக்குப்பம், நடூர் மாதா குப்பம் என்று ஏரியின் இறால் 'பாடு'களில் பாரம்பரிய உரிமையுள்ள ஊர்கள் மூன்று. அதில் ஒன்று அவனுடைய ஊர். சீட்டுப் போட்டு, முறை வைத்து, இன்ன நாள் இன்ன இடத்தில் இன்னார்தான் வலை கட்டலாம் என்று ஊரே வகுத்துக்கொண்ட ஏற்பாடு அது. அவன் நைனாவின் முறை வந்தாலும் அந்த மாதத்தில் வலையில் பெரிதாக ஒன்றும் வராது. அவன் சேற்றில் நண்டு துழாவி விற்றுக் கொஞ்சம் சேர்த்தான். மீதியைக் கடனாக வாங்கினான். யாரிடம் வாங்கினான் என்பது வீட்டுக்குத் தெரிய நெடுநாள் ஆயிற்று.

'பாபா'வுக்குக் கிடைத்த பில்டப்பை இன்றைய பிள்ளைகளுக்கு விளக்குவது கஷ்டம். டீசர் கிடையாது, யூடியூப் கிடையாது, ஒரு நாளில் எத்தனை கோடிப் பேர் பார்த்தார்கள் என்ற கணக்கும் கிடையாது. 1999 ஏப்ரலில் 'படையப்பா' வந்ததற்குப் பிறகு மூன்று ஆண்டுகளுக்கு மேல் ரஜினி படமே இல்லை. அந்த வெற்றிடம் ஒன்றே போதுமாக இருந்தது. 'பாபா'வுக்குக் கதை, திரைக்கதை, தயாரிப்பு மூன்றும் ரஜினியே. இயக்கம், 'அண்ணாமலை'யும் 'பாட்ஷா'வும் எடுத்த சுரேஷ் கிருஷ்ணா. இசை ஏ.ஆர். ரஹ்மான். படத்தின் முடிவில் தலைவர் அரசியலுக்கு வருவதாகச் சொல்லிவிடுவார் என்று பேச்சு. தலையில் கட்டும் துணியும் அந்த விரல் முத்திரையும் படத்துக்கு முன்பே ஊருக்குள் வந்துவிட்டன. கோட்டைக்குப்பத்திலிருந்து லைட் ஹவுஸ் குப்பம் வரைக்கும் பையன்கள் ஒருவரை ஒருவர் பார்த்தால் முத்திரை காட்டாமல் போவதில்லை.

போதாக்குறைக்குப் பாட்டாளி மக்கள் கட்சியின் எதிர்ப்பு. திரையில் புகைபிடிப்பதையும் குடிப்பதையும் காட்டி இளைஞர்களைக் கெடுக்கிறார் என்று மருத்துவர் ராமதாஸ் கண்டித்தார். வட மாவட்டங்களில் சில இடங்களில் படப்பொட்டியையே தூக்கிக்கொண்டு போனார்கள். திரையரங்குகள் தாக்கப்பட்டன. அன்றைக்கெல்லாம் படம் என்றால் தகரப் பொட்டிக்குள் சுருள் சுருளாக வருகிற பிலிம். பொட்டி வந்தால்தான் படம். பக்கத்து டவுன் பொன்னேரியில் திரையரங்கு வாசலில் நின்றவர்களுக்கு அன்று காலையில் கதாநாயகனைவிடப் பொட்டி முக்கியமாகிவிட்டது. "பொட்டியத் தூக்கிட்டாங்களாம்டா" என்று ஒருவன் சொல்ல, கூட்டமே சாலைப் பக்கம் திரும்பிக்கொண்டது. பொட்டி வந்து இறங்கியபோது அடித்த விசிலில் பத்தில் ஒரு பங்குகூடப் படம் முடிந்தபோது இல்லை.

படத்தில் பாபாவுக்கு இமயமலை மகான் ஏழு மந்திரங்கள் கொடுக்கிறார். உச்சரித்தால் நினைத்தது நடக்கும். ஏழே ஏழு தடவைதான். அதில் ஒன்றை, வானத்தில் பறக்கிற காற்றாடி தன் கைக்கு வருகிறதா என்று சோதித்துப் பார்க்கப் பாபா செலவழித்துவிடுவார். திரையில் அது வேடிக்கையான காட்சி. ஆனால் கூட்டத்தில் குப்பத்துப் பெரியவர் ஒருவர் இருந்தார், பையன்களுக்குத் துணையாக வந்தவர். அவருக்கு அந்த இடத்தோடு படம் விட்டுப்போயிற்று. இடைவேளையில் பீடியைப் பற்ற வைத்துக்கொண்டு அதையே சொன்னார்: "ஏழு வரம் குடுத்தா ஒண்ண காத்தாடிக்கா வுடுவான்? ஒரே ஒரு தடவ முகத்துவாரத்தத் தொறன்னு சொல்லியிருக்கலாமே." அந்தப் படத்தைப் பற்றி அப்புறம் எவ்வளவோ பத்திரிகை விமர்சனங்கள் வந்தன. திரைக்கதையின் ஓட்டையில் இவ்வளவு நேராக விரல் வைத்த விமர்சனம் அவன் வேறு எங்கும் படிக்கவில்லை.

ஊருக்குத் திரும்பிய பிறகு நடந்ததுதான் வேடிக்கை. படம் எப்படி என்று கேட்டவர்களிடம் ஒருவன்கூட உண்மையைச் சொல்லவில்லை. "ஒருவாட்டி பாக்கலாம்." "செகண்ட் ஆஃப் சூப்பர்." "சின்னப் பசங்களுக்கு நல்லாக் கீது." கடன் வாங்கிப் போய்ப் பார்த்த படத்தை நன்றாக இல்லை என்று சொல்ல யாருக்கு வாய் வரும்? முதல் நாள் முதல் காட்சி பார்த்தவனின் வாக்குமூலத்தை எந்தக் காலத்திலும் நம்பக் கூடாது என்பது அவன் கட்சி. அவன் போட்ட முதல் அவன் நாக்கைக் கட்டிவிடும். உண்மை ஊருக்குத் தெரிந்தது வேறு வழியில். பொன்னேரி போய் வந்த யாரோ, "இன்னைக்கு மேட்னிக்கு ஆளே இல்ல" என்றார். அவ்வளவுதான், முத்திரை ஒரே வாரத்தில் ஊரை விட்டுப் போய்விட்டது.

'பாபா'வால் நட்டப்பட்ட விநியோகஸ்தர்களுக்கும் திரையரங்குக்காரர்களுக்கும் ரஜினி பணத்தைத் திருப்பிக் கொடுத்தார். தமிழ் சினிமா அதைப் பெருந்தன்மை என்று கொண்டாடியது. குப்பத்தில் அதைக் கேட்டுப் புருவம் உயர்த்தினார்கள். காரணம், இரண்டு தொழிலுக்கும் கணக்கு ஒன்றுதான். சினிமாவில் எம்.ஜி. என்று ஒரு முறை உண்டு, மினிமம் கேரண்டி. படம் எப்படி இருக்கும் என்று தெரியாமலே, நடிகரின் முகத்தை நம்பி விநியோகஸ்தர் ஏரியா ஏரியாவாகப் பணம் கட்டி வாங்குவார். அவரிடமிருந்து திரையரங்குக்காரர் முன்பணம் கொடுத்து வாங்குவார். பழவேற்காட்டில் இறால் வியாபாரியும் அப்படித்தான். கண்ணால் பார்க்காத இறாலுக்கு முன்பணம் கொடுத்து வைப்பார். ஆனால் ஒரு பெரிய வித்தியாசம் உண்டு. இங்கே இறால் படாவிட்டால் கடன் அப்படியே நிற்கும். முன்பணம் வாங்கிய குற்றத்துக்கு அடுத்த சீசனில் பிடித்ததையெல்லாம் அவருக்கே, அவர் சொல்கிற விலைக்கே போட வேண்டும். எல்லா முன்பணக்காரர்களும் கைகளைப் பிசைந்துகொண்டு நிற்பது சினிமாவில் மட்டும்தான். எல்லாவற்றிலும் கீழே, டிக்கெட் வாங்கியவன் நிற்கிறான். அவனுக்கு யாரும் திருப்பிக் கொடுத்ததாக வரலாறு இல்லை.

ஊர்ப் பெரியவர்களுக்கு இந்த ஏமாற்றம் என்கிற சமாச்சாரமே புதிது. அவர்கள் டூரிங் டாக்கீஸ் காலத்து ஆட்கள். 1964 தீபாவளிக்குச் சென்னையில் வெளியான 'படகோட்டி' இந்தப் பக்கத்துக் கொட்டகைகளுக்கு வந்து சேர மாதக்கணக்கில் ஆகும். 1977இல், எம்.ஜி.ஆர். முதலமைச்சரான பிறகு வந்த 'மீனவ நண்ப'னும் அப்படித்தான். வருவதற்குள் படத்தின் யோக்கியதை மீன் கூடையோடு போய் வந்த ஒவ்வொருவர் வாயிலும் வந்து சேர்ந்திருக்கும். ஓடாத படம் என்று தெரிந்தேதான் போவார்கள். தெரிந்து போனவன் ஏமாறுவதில்லை. 'உலகம் சுற்றும் வாலிபன்' 1973இல் வந்தபோது சுவரொட்டியே ஒட்ட முடியாத நிலை. ஸ்டிக்கர் ஒட்டித்தான் விளம்பரம் செய்தார்கள். அந்தப் படம் ஓடிய ஓட்டம் ஊருக்கே தெரியும். பில்டப்புக்கும் படத்துக்கும் சம்பந்தமே இல்லை என்று வாதாட அவர்களுக்கு அது ஒன்று போதும்.

பெரியவர்கள் சொன்னதில் அவன் ஏற்றுக்கொண்டது ஒன்றுதான். ஏமாற்றத்துக்குத் தூரம் முக்கியம். படம் நகரத்திலிருந்து குப்பத்துக்கு வர எடுத்துக்கொண்ட மாதங்கள் ஒரு வடிகட்டியாக இருந்தன. பிரதிகளின் எண்ணிக்கை கூடக்கூட அந்த மாதங்கள் வாரங்கள் ஆயின. 2005ஐ ஒட்டி க்யூப் போன்ற டிஜிட்டல் முறைகள் வந்ததும் பொட்டியே ஒழிந்தது. சென்னை தேவி தியேட்டரில் ஓடுகிற அதே வேளையில் பொன்னேரியிலும் ஓடியது. சென்னைக்காரனுக்குச் சமமாக முதல் காட்சி பார்க்கும் பெருமை கிடைத்தது. சென்னைக்காரனுக்குச் சமமாக ஏமாறவும் முடிந்தது.

எல்லாமே இப்படி முடிந்துவிடவில்லை. 2003 பொங்கலுக்கு வந்த 'அன்பே சிவம்' கமல்ஹாசன் படம் என்ற எதிர்பார்ப்போடு வந்து, தியேட்டரில் ஓடாமல் போனது. ஊரில் அதைப் பார்த்தவர்கள் குறைவு. படத்தில் கமல், மாதவனிடம் சுனாமி என்றால் என்ன என்று விளக்குகிற ஓர் இடம் வரும். பார்த்த ஒன்றிரண்டு பேருக்கும் அது மனதில் நிற்கவில்லை. 2004 டிசம்பர் 26 காலையில் கடல் எழுந்து குப்பங்களுக்குள் வந்தது. அதற்கு எத்தனையோ மாதம் கழித்து ஒரு நாள் டி.வி.யில் அந்தப் படம் போட்டார்கள். நிவாரணத்தில் வந்த புது ஃபைபர் படகுகள் கரையில் ஏறியிருந்த சமயம். சுனாமி என்ற சொல் வந்ததும் வீட்டில் எல்லோரும் பேச்சை நிறுத்தினார்கள். "இவருக்கு எப்படிப்பா முன்னாடியே தெரிஞ்சுது?" என்று அவன் அம்மா கேட்டாள். ஒரு தோல்விப் படத்தை அந்த வீடு அவ்வளவு கவனமாகப் பார்த்ததை அவன் அன்றுதான் கண்டான்.

அதே அம்மாதான் 'குசேலன்' விஷயத்திலும் அவனைக் குழப்பினாள். 2008 ஆகஸ்ட் 1. மறுபடியும் ஆகஸ்ட். மலையாளத்தில் சீனிவாசன் முடிதிருத்துபவராகவும் மம்முட்டி நடிகராகவும் நடித்த 'கத பறயும்போள்' படத்தின் தமிழ் வடிவம். பி. வாசு இயக்கம். கதை பசுபதியுடையது, ஆனால் சுவரொட்டியெல்லாம் ரஜினியுடையது. 'சந்திரமுகி' கொடுத்த அதே கூட்டணி என்றும், 'சிவாஜி'க்கு அடுத்த படம் என்றும் ஏற்றிவிட்டு, பெரிய ரஜினி படத்துக்குரிய விலைக்கு விற்றார்கள். ரசிகர்கள் ரஜினியைத் தேடிக்கொண்டே படம் முழுக்க உட்கார்ந்திருந்தார்கள். திரையரங்குக்காரர்கள் பிறகு பணத்தைத் திருப்பிக் கேட்டு நின்றார்கள்.

அவனுக்கு அப்போது கல்யாணமாகி, பிறந்த பிள்ளை கைக்குழந்தை. அம்மாவையும் மனைவியையும் கூட்டிக்கொண்டு போயிருந்தான். பள்ளிக்கூட விழாவில் அந்தப் பெரிய நடிகர் தன் சிறுவயது நண்பனைப் பற்றிப் பேசுகிற கடைசிக் காட்சியில், முன்வரிசைப் பையன்கள் எழுந்து போய்க்கொண்டிருந்தார்கள். அம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தாள். வெளியே வந்ததும், "நல்ல படம்டா, அந்தப் பையன் எவ்ளோ ரோசக்காரன்!" என்றாள். அந்தப் பையன் என்றால் பசுபதி. அவள் சுவரொட்டியைப் பார்த்ததில்லை, பாட்டு வெளியீட்டு விழாவைப் பற்றி எதுவும் தெரியாது, எவ்வளவுக்கு விற்றது என்பதும் தெரியாது. அவளுக்குக் கிடைத்தது ஒரு முடிதிருத்துபவரின் கதை. அவனுக்குக் கிடைக்காமல் போனது ஒரு ரஜினி படம். ஒரே கொட்டகையில் பக்கத்து பக்கத்து இருக்கையில் இரண்டு படம் ஓடியிருக்கிறது.

இதற்குப் பிறகு ஊரில் 'ஆகஸ்ட் படம்' என்று ஒரு வகை பிறந்தது. 2014 ஆகஸ்ட் 15இல் சூர்யாவின் 'அஞ்சான்'. 2017 ஆகஸ்ட் 24இல் அஜித்தின் 'விவேகம்'. 2022 ஆகஸ்ட் 31இல் விக்ரமின் 'கோப்ரா'. அஜித்தின் 'மங்காத்தா'வும் 2011 ஆகஸ்ட் 31இல்தான் வந்தது, பிய்த்துக்கொண்டு ஓடியது என்று யாராவது நினைவூட்டினால், "அது அம்பதாவது படம், அதுக்குத் தோஷமில்ல" என்று பதில் வரும். விஜய்யின் 'புலி' ஆகஸ்டைத் தாண்டி 2015 அக்டோபர் 1இல் வந்ததே என்றால், அதற்கு முந்தைய நாள் வருமான வரிச் சோதனை வந்து விடியற்காலைக் காட்சிகள் ரத்தானதைச் சொல்வார்கள். மூடநம்பிக்கைக்கு விதிவிலக்கைச் சமாளிக்கத் தெரியாதா என்ன?

'லிங்கா'தான் அந்த ஜோசியத்தைக் கொஞ்சம் ஆட்டிப் பார்த்தது. 2014 டிசம்பர் 12, ரஜினியின் பிறந்தநாள். முகத்துவாரம் திறந்திருந்தது. இறால் பட்டது. ஊரில் காசு புழங்கியது. கூட்டம் கூட்டமாகப் போனார்கள். கிட்டத்தட்ட மூன்று மணி நேரப் படம், அதன் முடிவில் வெப்பக்காற்று பலூனில் ஒரு சண்டை. பலூன் வந்ததும் அவன் பக்கத்தில் இருந்தவன் காதில் கிசுகிசுத்தான்: "காத்தாடி பெருசாயிடுச்சு." பன்னிரண்டு ஆண்டுக்கு முந்தைய காத்தாடியை அவனும் மறக்கவில்லை. 2015 ஜனவரியில் விநியோகஸ்தர்கள் சென்னையில் உண்ணாவிரதம் இருந்தார்கள். 'பாபா'வில் கிடைத்ததுபோல் இதிலும் கேட்டார்கள். ஒருமுறை திருப்பிக் கொடுத்தால் அது வழக்கமாகிவிடும் என்பது முன்பணம் வாங்கிப் பழகிய எந்த மீனவனுக்கும் தெரிந்த பாலபாடம்.

இனி 'சாஹோ'. இந்த ஏரிக்கரையின் சொந்த ஏமாற்றம் அது.

பழவேற்காடு ஏரி தமிழ்நாட்டுக்கும் ஆந்திரத்துக்கும் பொது. பெரும்பகுதி அந்தப் பக்கம். வடக்கே ஏரியின் மேற்குக் கரையில் சூலூர்பேட்டை, அங்கிருந்து ஏரியைக் குறுக்கே கடந்தால் ஸ்ரீஹரிகோட்டா. ராக்கெட் விடுகிற நாளில் இந்தக் குப்பங்களிலிருந்து கடலுக்குப் போகத் தடை வரும். வேலையில்லாத வயிற்றெரிச்சலோடு எல்லோரும் கரையில் நின்று, நெருப்பு மேலே ஏறுவதைப் பார்ப்பார்கள். 2019 ஜூலை 22 அன்று சந்திரயான்-2 அப்படித்தான் போனது. அதற்கு அடுத்த மாதம், அதே சூலூர்பேட்டையில் நெடுஞ்சாலையை ஒட்டி 'வி எபிக்' என்று ஒரு திரையரங்கு திறக்கப்பட்டது. ராம் சரண் வந்து திறந்து வைத்தார். திரையின் அகலம் 100 அடிக்கு மேல். தெற்காசியாவிலேயே பெரிது என்றார்கள். நகரங்களே பார்க்காத திரை, நண்டும் நாரையும் இருக்கிற ஊரில்! அதில் முதல் படம் 'சாஹோ'. நாள், ஆகஸ்ட் 30.

'பாகுபலி'யின் இரண்டாம் பாகம் 2017 ஏப்ரலில் முடித்துவைத்த வேகத்தில் பிரபாஸ் நடித்த அடுத்த படம். தெலுங்கு, இந்தி, தமிழ் என்று பல மொழிகளில் வெளியீடு. செலவு 350 கோடி என்று பத்திரிகைகள் எழுதின. இயக்குநர் சுஜீத்துக்கு அதற்கு முன் ஒரே ஒரு படம்தான். தமிழ்க்காரர்களுக்கு அருண் விஜய்யும் உண்டு என்று ஆறுதல். குப்பத்தில் தெலுங்கு பேசுகிற வீடுகள் இருக்கின்றன. பெண் கொடுத்து எடுத்த சொந்தம் ஏரிக்கு அந்தப் பக்கமும் இருக்கிறது. அவனும் மச்சான்களும் பொன்னேரியில் ரயிலேறி, கும்மிடிப்பூண்டி, தடா தாண்டி சூலூர்பேட்டையில் இறங்கினார்கள். ரயிலில் சென்னையிலிருந்து வந்த கூட்டமும் இருந்தது. அவர்கள் பேச்சில் பிரபாஸ் பாதி, திரை பாதி.

உள்ளே நுழைந்ததும் அந்த வெள்ளைத் திரையைப் பார்த்து எல்லோரும் ஒரு கணம் நின்றுவிட்டார்கள். படம் ஓடாமல் வெறுமே இருந்த திரைக்கே கைதட்டல் விழுந்தது. கழுத்தை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்குத் திருப்பினால்தான் முழுத் திரையும் தெரியும். செல்போனில் அடங்கவில்லை என்று ஒருவன் பின்னால் நடந்து நடந்து சுவரில் முட்டிக்கொண்டான்.

பிறகு படம் ஓடியது. துப்பாக்கி, கார், கண்ணாடிக் கட்டடம், மறுபடியும் துப்பாக்கி. யார் யாருக்கு மகன், எவன் போலீஸ், எவன் திருடன் என்று மாறிக்கொண்டே இருந்தது. அவ்வளவு பெரிய திரையில் புரியாத கதையை ஓட்டினால் புரியாமையும் அந்த அளவுக்குப் பெரிதாகிவிடுகிறது. இடைவேளையில் யாரும் கதையைப் பற்றிப் பேசவில்லை. எல்லோரும் திரைக்கு முதுகைக் காட்டி நின்று படம் பிடித்துக்கொண்டிருந்தார்கள். முடிந்து வெளியே வரும்போது சின்ன மச்சான் கேட்டான்: "மாமா, இதுல 'பாகுபலி'ய போடுவாங்களா?"

படம் வெளியான சில நாளில் பிரெஞ்சு இயக்குநர் ஜெரோம் சாலே, தன் 'லார்கோ வின்ச்' படத்திலிருந்து எடுத்திருக்கிறார்கள் என்று வெளிப்படையாகவே கிண்டலடித்தார். இந்தியில் படம் நன்றாக வசூலித்தது. தெலுங்கில் வாங்கியவர்கள் இழந்தார்கள். அடித்துத் திருத்த முடியாத தோல்வி என்று சொல்லிவிட முடியாது, உலகம் முழுக்கச் சேர்த்துப் பார்த்தால் 400 கோடிக்கு மேல் வசூல் என்றார்கள். ஆனால் எதிர்பார்ப்பு வேறு, வசூல் வேறு.

ஒரு வாரம் கழித்து, செப்டம்பர் 7 நடுநிசியில், ஊரே டி.வி. முன் உட்கார்ந்திருந்தது. சந்திரயான்-2இன் விக்ரம் லேண்டர் நிலவுக்கு இரண்டு கிலோமீட்டர் தூரத்தில் இருந்தபோது தொடர்பு அறுந்தது. தங்கள் கண்ணெதிரில் புறப்பட்டுப் போன பொருள் என்பதால் குப்பத்தில் அது வீட்டுத் துக்கம்போல இருந்தது. 'சாஹோ'வுக்காக வாங்கிய கடனை நினைத்துத் திட்டிக்கொண்டிருந்தவர்கள்கூட அன்று யாரையும் திட்டவில்லை.

2023இல் அந்த ஆகஸ்ட் ஜோசியம் ஒரேயடியாகச் செத்தது. ஆகஸ்ட் 10இல் 'ஜெயிலர்' வந்து வெளுத்து வாங்கியது. ஆகஸ்ட் 23இல் சந்திரயான்-3 நிலவில் இறங்கியது. ஜோசியம் சொன்னவர்கள் கொஞ்ச நாள் டீக்கடைப் பக்கம் வரவில்லை.

ஆனால் அதற்குள் வேறு ஒன்று மாறியிருந்தது. 2023 ஜனவரியில் 'துணிவு' வெளியான இரவு, சென்னை கோயம்பேட்டில் திரையரங்கு முன் லாரியில் ஏறி ஆடிய ரசிகர் ஒருவர் கீழே விழுந்து இறந்தார். அதன் பிறகு தமிழ்நாட்டில் முதல் காட்சி காலை 9 மணிக்குத்தான் என்றாயிற்று. ஆந்திரத்தில் அதற்கு முன்பே தொடங்கிவிடும், அமெரிக்காவில் முந்தின நாளே முடிந்துவிடும். 2024 ஜூலை 12இல் 'இந்தியன் 2' வந்தபோது, படகு கரைக்கு வருவதற்குள் தீர்ப்பு வந்துவிட்டது. 1996இல் 'இந்தியன்' பார்த்துவிட்டு லஞ்சம் கேட்கிற ஆட்களை 'தாத்தா வருவாரு' என்று மிரட்டிய தலைமுறை, 28 ஆண்டு காத்திருந்துவிட்டு, அந்தத் தாத்தாவைப் பார்க்கப் பொன்னேரிக்குக்கூடப் போகவில்லை. வெளியான சில நாளிலேயே 12 நிமிடம் வெட்டினார்கள். அதே ஆண்டு நவம்பர் 14இல் 'கங்குவா'. 2,000 கோடி வசூலிக்கும் என்று தயாரிப்பாளரே பேட்டியில் சொன்ன படம். அதற்கு வந்த முதல் புகார் சத்தம். ஒலியளவைக் குறைக்கச் சொல்லித் திரையரங்குகளுக்குத் தயாரிப்பாளரே கேட்டுக்கொள்ளும்படி ஆயிற்று. நாள் முழுக்கப் படகு என்ஜின் பக்கத்திலேயே உட்கார்ந்து காது மரத்துப்போன அவன் கூட்டாளிக்கே காது வலித்தது என்றால் பார்த்துக்கொள்ளலாம். யூடியூப் விமர்சகர்களைத் திரையரங்கு வளாகத்துக்குள் விடாதீர்கள் என்று தயாரிப்பாளர்கள் அமைப்பு கேட்டதும் அப்போதுதான். மேட்னிக்கு ஆளில்லை என்று சொன்ன 2002ஆம் ஆண்டு பொன்னேரிப் பயணியை எந்த வளாகத்தில் நிறுத்தியிருப்பார்கள்?

கடைசி ஆகஸ்ட் படம் 'கூலி'. 2025 ஆகஸ்ட் 14. லோகேஷ் கனகராஜ், ரஜினி, நாகார்ஜுனா, கடைசியில் ஆமிர்கான். 'குசேலன்' பார்க்கக் கைக்குழந்தையாக வந்த மகனுக்கு அப்போது 17. டிரெய்லரை அவன் எத்தனை முறை பார்த்தான் என்பதற்கு அளவே இல்லை. தணிக்கையில் 'ஏ' சான்றிதழ் கொடுத்துவிட்டார்கள். பதினெட்டு ஆகாதவனுக்கு அனுமதி இல்லை. மகன் இரண்டு நாள் சாப்பாட்டுப் பக்கம் முகம் காட்டவில்லை. அப்பன்காரன் மட்டும் போய்ப் பார்த்துவிட்டு வந்தான். எப்படி என்று கேட்டதற்கு, 23 ஆண்டுப் பழக்கம், "ஒருவாட்டி பாக்கலாம்" என்றான். வசூல் 500 கோடியைத் தாண்டியது என்று செய்தி வந்தது. படத்தைப் பற்றிய கிண்டலும் அதே அளவுக்கு வந்தது. ஆமிர்கான் வருகிற காட்சியை வைத்து மட்டும் எத்தனை மீம்!

செப்டம்பரில் படம் ஓ.டி.டி.க்கு வந்தது. ஒரு மாதம் முழுக்க மொக்கை, மொக்கை என்று கேட்டுக் காது புளித்துப்போயிருந்த மகன், செல்போனில் பார்த்தான். முடிந்ததும் எழுந்து வந்தான்.

"நைனா, நல்லாத்தான கீது? எதுக்கு எல்லாரும் அப்டித் திட்டுனாங்க?"

அவனுக்கு டூரிங் டாக்கீஸ் பெரியவர்கள் நினைவுக்கு வந்தார்கள். சொல்ல ஆரம்பித்தான், பொட்டி, மேட்னி, காத்தாடி என்று. மகன் பாதியில் மறித்தான்.

"அதெல்லாம் கெடக்கட்டும். 'ஜெயிலர் 2' வர்றதுக்குள்ள எனக்குப் பதினெட்டு ஆயிடும். மொத நாள் மொத ஷோ. சூலூர்பேட்டைக்குத்தான் போறோம், இப்பவே சொல்லிட்டேன்."